ட்ரொம்சோ டூ லாங்இயர்பியன்: இன்று 1 மணி 40 நிமிடம்... அன்று அமுண்ட்சென் ஏன் போய்ச் சேரவில்லை?

நார்வேயின் வடக்கே இருக்கும் ட்ரொம்சோ விமான நிலையத்திலிருந்து, அதற்கும் வடக்கே ஆர்க்டிக் கடலுக்குள் இருக்கும் லாங்இயர்பியன் விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம்? நேர்கோட்டில் சுமார் 960 கி.மீ. ஜெட் விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய 1 மணி 40 நிமிடம். ஒரு காபி, ஒரு குட்டித் தூக்கம், ஜன்னல் வழியே நாலைந்து போட்டோ. அவ்வளவுதான், இறங்கிடலாம்.

1928 ஜூன் 18-ம் தேதி மாலை 4 மணிக்கு, இதே ட்ரொம்சோவிலிருந்து இதே திசையில் ஒரு விமானம் கிளம்பியது. உள்ளே ஆறு பேர். அதில் ஒருவர், தென் துருவத்தில் உலகிலேயே முதலில் கால் பதித்த குழுவின் தலைவர் ரோல்ட் அமுண்ட்சென். கிளம்பி மூன்று மணி நேரத்துக்குள் ரேடியோ அடங்கிப்போனது. விமானமும் கிடைக்கவில்லை, ஆட்களும் கிடைக்கவில்லை. இன்று வரை.

பனிப் பிரதேசத்தில் கணக்குப் போடாமல் காலை எடுத்து வைக்க மாட்டார் என்று பெயர் வாங்கியவர் அவர். அப்படிப்பட்டவர், அந்த வேலைக்கே செய்யப்படாத ஒரு விமானத்தில் ஏன் ஏறினார்? அதற்கு அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

முதலில் இந்த ரூட்டைப் பார்த்துடலாம்

ட்ரொம்சோவே ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ளே, 69 டிகிரி அட்சரேகையைத் தாண்டி இருக்கும் ஊர். லாங்இயர்பியன் இருப்பது 78 டிகிரியில், ஸ்வால்பார்ட் தீவுக் கூட்டத்தில். வழக்கமான பயணிகள் விமானம் போய் இறங்கும் இடங்களில் உலகிலேயே வட கோடியில் இருப்பது இந்த விமான நிலையம்தான். இரண்டுக்கும் நடுவில் கடல் மட்டுமே. ஏறக்குறைய பாதி வழியில் கரடித் தீவு என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அங்கே வானிலை நிலையம் உண்டு, ஓடுபாதை கிடையாது.

உள்நாட்டு விமானம்தானே என்று பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஸ்வால்பார்ட் நார்வேக்குச் சொந்தம்தான், ஆனால் ஷெங்கன் எல்லைக்கு வெளியே. அதனால் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். தீவுக்கு விசா தேவையில்லை. ஆனால் நார்வே வழியாகப் போய்த் திரும்பவும் நார்வேக்குள் நுழைய வேண்டும் என்பதால், இந்தியர்களுக்கு இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா வேண்டும்.

லாங்இயர்பியன் விமான நிலையம் முறையாகத் திறக்கப்பட்டது 1975-ல். அதற்கு முன்பு குளிர்காலத்தில் கடல் உறைந்துவிட்டால் கப்பல் வராது, அங்கிருந்த சுரங்கத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் தீவிலேயே முடங்கிக் கிடக்க வேண்டியதுதான். இன்றைக்கும் பனிமூட்டம் இறங்கிவிட்டால் விமானம் தரையிறங்காமல் திரும்பிவிடுவது உண்டு. ஓடுபாதைக்குக் கீழே எப்போதும் உறைந்தே இருக்கும் நிலம், சுற்றிலும் மலை. 1996 ஆகஸ்டில் இங்கே இறங்க வந்த ரஷ்ய விமானம் மலையில் மோதி 141 பேர் இறந்தார்கள். ஜிபிஎஸ், ரேடார் எல்லாம் வந்த பிறகும் இது லேசான ரூட் கிடையாது. 1928-ல் எப்படி இருந்திருக்கும்?

டாக்டர் ஆக வேண்டிய பையன்

1872 ஜூலை 16-ம் தேதி பிறந்தார் அமுண்ட்சென். அப்பா கப்பல் முதலாளி, கேப்டன். நாலு ஆண் பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. மற்றவர்கள்தான் கடல் கடல் என்று போய்விட்டார்கள், இவனாவது டாக்டர் ஆகட்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அம்மாவுக்காக மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். ஆனால் மனசு முழுக்க வேறு இடத்தில். வடமேற்குப் பாதையைத் தேடிப் போய், 128 பேரோடு ஆர்க்டிக்கில் அழிந்துபோன ஜான் ஃப்ராங்க்ளினின் கதையைப் பதினைந்து வயதில் படித்து மயங்கியவர் அவர். நார்வேயின் குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவாராம், உடம்பு பழகட்டும் என்று. 1893-ல் அம்மா இறந்தார். அமுண்ட்சென் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

முதல் பெரிய பாடம் பெல்ஜிகா கப்பலில். 1898-ல் அண்டார்டிக் பனியில் அந்தக் கப்பல் சிக்கி, ஒரு வருடத்துக்கு மேல் நகரவே இல்லை. ஸ்கர்வி நோய் பரவியது, சிலருக்குப் புத்தி பேதலித்தது. கப்பலின் டாக்டர் ஃப்ரெடெரிக் குக், பென்குயின் கறியையும் சீல் கறியையும் சாப்பிட வைத்துப் பலரைக் காப்பாற்றினார். துணைக்கு நின்றவர் அமுண்ட்சென்.

இரண்டாவது பாடம் தனக்கென்று ஒரு கப்பல் கிடைத்த பிறகு. பெயர் யோவா. வெறும் 47 டன். 1903 ஜூன் மாதம் ஒரு ராத்திரியில், கடன்காரர்கள் கப்பலை ஜப்தி செய்வதற்கு முன்பே கிளம்பிவிட்டார். மொத்தம் ஏழு பேர். ஃப்ராங்க்ளின் குழு அழிந்த அதே வட்டாரத்தில் இரண்டு குளிர்காலம் தங்கினார்கள். அங்கே வாழ்ந்த நெட்சிலிக் இன்யூட் மக்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நாய் வண்டியை எப்படி ஓட்டுவது, மான் தோல் உடையை ஏன் தளர்வாக உடுத்த வேண்டும், பனியில் வீடு எப்படிக் கட்டுவது. ஐரோப்பியக் கடற்படைகள் இந்த மக்களை மதிக்காமல் போய்த்தான் பலமுறை செத்துத் திரும்பின. இவர் மாணவனாக உட்கார்ந்தார். என்னைக் கேட்டால், அமுண்ட்செனின் மொத்த வெற்றிக்கும் விதை அங்கேதான் விழுந்தது.

வடமேற்குப் பாதையை முதலில் கடந்த கப்பல் என்ற பெயர் யோவாவுக்குக் கிடைத்தது. அந்தச் செய்தியை உலகத்துக்குச் சொல்லத் தந்தி ஆபீஸ் தேடி, பனியில் சுமார் 800 கி.மீ. பயணம் செய்து அலாஸ்காவில் ஈகிள் என்ற ஊருக்குப் போனார். 1905 டிசம்பரில் தந்தி போனது.

தென் துருவம்: எல்லோருக்கும் தெரிந்த கதை, தெரியாத ஒரு பக்கம்

வட துருவத்துக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் ஃப்ராம் கப்பலை இரவலாகப் பெற்றார். 1909-ல் குக்கும் ராபர்ட் பியரியும் தனித்தனியாக, வட துருவத்தைத் தொட்டுவிட்டதாக அறிவித்தார்கள். அமுண்ட்சென் ரகசியமாகத் திசையை மாற்றினார். மடெய்ரா தீவுக்கு வந்த பிறகுதான் கப்பலில் இருந்த பெரும்பாலானோருக்கே தெரியும், போகிறது தெற்குக்கு என்று. ஏற்கெனவே தெற்கே கிளம்பியிருந்த பிரிட்டனின் ஸ்காட்டுக்கு ஒரு தந்தி மட்டும் அனுப்பினார். இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

அவருடைய தயாரிப்பு பற்றி எல்லோரும் பேசுவார்கள். வழியில் உணவைப் புதைத்து வைத்து, பனிப்புயலில் வழி தவறினாலும் கண்ணில் படும்படி இரண்டு பக்கமும் பல கி.மீ. தூரத்துக்குக் கொடிகளை நட்டு வைத்தார். 52 நாய்களோடு கிளம்பினார். அவற்றில் பலவற்றை வழியிலேயே கொன்று, மனிதர்களும் மற்ற நாய்களும் சாப்பிடுவது என்பதும் திட்டத்திலேயே இருந்தது. திரும்பி வந்தவை 11 நாய்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. 1911 செப்டம்பரில், குளிர் குறையும் முன்பே, ஸ்காட் முந்திவிடுவாரோ என்ற பதற்றத்தில் ஒருமுறை கிளம்பிவிட்டார். தாங்க முடியாத குளிர். சில நாட்களில் திரும்பி ஓடிவர வேண்டியதாயிற்று. பின்னால் வந்தவர்களை விட்டுவிட்டு அமுண்ட்சென் முன்னால் வந்து சேர்ந்தார். குழுவிலேயே மிக அனுபவசாலியான யால்மர் யோஹன்சென் எல்லோர் முன்னிலையிலும் இதைக் கண்டித்தார். விளைவு? துருவத்துக்குப் போகும் குழுவிலிருந்து யோஹன்செனையே எடுத்துவிட்டார். நிதானத்துக்குப் பெயர் போன மனிதருக்குள்ளும் போட்டி என்று வந்தால் பொறுக்க முடியாத ஒருவர் இருந்திருக்கிறார்.

அக்டோபரில் மறுபடி கிளம்பி, டிசம்பர் 14 அன்று ஐந்து பேர் தென் துருவத்தை அடைந்தார்கள். ஸ்காட் 1912 ஜனவரி 17 அன்று அங்கே போனபோது நார்வே கொடி பறந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் ஸ்காட்டும் அவருடைய நாலு தோழர்களும் இறந்தார்கள். ஜெயித்தவரைவிட இறந்தவருக்கே உலகம் அதிகமாக இரங்கியது. அமுண்ட்செனுக்கு அது கடைசி வரை உறுத்தல்.

நாயிலிருந்து விமானத்துக்கு

நாய் வண்டியின் காலம் முடியப்போகிறது என்பதை முதலில் புரிந்துகொண்டவர்களில் இவரும் ஒருவர். 1914-லேயே நார்வேயின் முதல் சிவிலியன் பைலட் லைசென்ஸை வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு 41 வயது. நடுவில் உலகப் போர். பிறகு மோட் என்ற கப்பலில் சைபீரியாவின் வடக்குக் கரையோரம் சில வருடங்கள். அந்தப் பயணத்தில் தோள்பட்டை உடைந்தது, பனிக்கரடி தாக்கியது.

அலாஸ்காவிலிருந்து துருவத்தைத் தாண்டிப் பறக்கப் போட்ட திட்டம் 1923-ல் சோதனை ஓட்டத்திலேயே படுத்துவிட்டது. 1924-ல் திவால். சைபீரியக் கரையிலிருந்து அழைத்துவந்து நார்வேயில் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்த இரண்டு சிறுமிகளை அந்த வருடமே திருப்பி அனுப்பிவிட்டார். அவர்கள் வாழ்க்கையை ஒரு வரியில் மாற்றி எழுதி, இன்னொரு வரியில் அழித்த மாதிரி. இதை நியாயப்படுத்த எதுவும் இல்லை.

கையில் காசில்லாத நேரத்தில் வந்து சேர்ந்தார் லிங்கன் எல்ஸ்வொர்த், பணக்கார அமெரிக்கர். 1925 மே 21 அன்று ஸ்வால்பார்டின் கிங்ஸ் பேயிலிருந்து இரண்டு டோர்னியர் விமானங்களில் ஆறு பேர் வட துருவம் நோக்கிக் கிளம்பினார்கள். எட்டு மணி நேரம் கழித்து, 87 டிகிரியைத் தாண்டிய இடத்தில் பனிப்பாளங்களுக்கு நடுவே இறங்க வேண்டியதாயிற்று. ஒரு விமானம் உருப்படாமல் போனது. அதன் பைலட் லெய்ஃப் டீட்ரிக்சன் பனி உடைந்து தண்ணீரில் விழ, எல்ஸ்வொர்த் இழுத்துக் காப்பாற்றினார். டீட்ரிக்சன் பெயரை நினைவில் வையுங்கள்.

மூன்று வாரத்துக்கு மேல், சாப்பாட்டை அளந்து அளந்து தின்றுகொண்டு, நூற்றுக்கணக்கான டன் பனியைக் கையில் கிடைத்த கருவிகளால் வெட்டி ஒரு ஓடுபாதை செய்தார்கள். செய்யச் செய்யப் பனி பிளக்கும், மறுபடி வேறு இடத்தில் ஆரம்பிப்பார்கள். ஜூன் 15 அன்று ஆறு பேரும் ஒரே விமானத்தில் நெருக்கியடித்து ஏற, பைலட் ரீசர்-லார்சன் அதைக் கிளப்பினார். செத்துப்போய்விட்டார்கள் என்று உலகம் முடிவுகட்டியிருந்த நேரத்தில் உயிரோடு வந்து நின்றார்கள். இந்த அனுபவம் அமுண்ட்செனுக்கு எதைக் கற்றுக்கொடுத்திருக்கும்? காணாமல் போனவர்கள் இறந்தவர்கள் இல்லை என்பதை.

அடுத்த வருடம் நோர்கே ஆகாயக் கப்பல். அதை வடிவமைத்து ஓட்டியவர் இத்தாலியரான உம்பெர்டோ நோபிலே. 1926 மே 11 அன்று கிங்ஸ் பேயில் கிளம்பி, மறுநாள் வட துருவத்துக்கு மேலே பறந்து, 14-ம் தேதி அலாஸ்காவின் டெல்லரில் இறங்கினார்கள். மொத்தம் மூன்று நாள், 5,000 கி.மீ.க்கு மேல். குக், பியரி, ரிச்சர்ட் பைர்ட் என முன்பு உரிமை கொண்டாடியவர்களின் கணக்கு எல்லாமே சந்தேகத்தில் இருப்பதால், வட துருவத்தை மறுக்க முடியாதபடி முதலில் எட்டியது இந்தப் பயணம்தான் என்று பலரும் ஏற்கிறார்கள்.

ஆனால் இறங்கியதுமே சண்டை. பெருமை யாருக்கு? இத்தாலியில் முசோலினி அரசு நோபிலேவைக் கொண்டாடியது. அமுண்ட்சென் 1927-ல் வந்த தன் சுயசரிதையில் நோபிலேவைக் கடுமையாகத் தாக்கினார். படித்தவர்களில் பலர் முகம் சுளித்தது அமுண்ட்செனைப் பார்த்துத்தான். நண்பர்கள் விலகினார்கள். 55 வயது, திருமணம் இல்லை, கடன் தீரவில்லை.

அந்த விருந்தும் அந்தச் செய்தியும்

1928 ஏப்ரலில் ஹூபர்ட் வில்கின்ஸ், பென் ஐல்சன் இருவரும் அலாஸ்காவின் பாயின்ட் பாரோவிலிருந்து ஸ்வால்பார்டுக்குச் சின்ன விமானத்தில் சுமார் 20 மணி நேரத்தில் பறந்து வந்துவிட்டார்கள். மே மாதக் கடைசியில் ஓஸ்லோவில் அவர்களுக்கு விருந்து. அமுண்ட்செனும் இருந்தார். அங்கேதான் செய்தி வந்தது: வட துருவம் போய்த் திரும்பிக்கொண்டிருந்த இத்தாலியா ஆகாயக் கப்பலைக் காணவில்லை. அதன் தலைவர் நோபிலே.

தேடிப் போகத் தயார் என்று அமுண்ட்சென் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். எதிரிக்காக. ஆனால் அரசின் மீட்புத் திட்டத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவரோடு பனியில் கிடந்த ரீசர்-லார்சன் உள்ளிட்ட இளைய பைலட்டுகள் அனுப்பப்பட்டார்கள். விமானத்துக்காக அமுண்ட்சென் அங்கே இங்கே கேட்டுப் பார்த்தார். நாட்கள் ஓடின. கடைசியில் பிரான்ஸ் அரசு ஒரு லாத்தம் 47 விமானத்தைக் கொடுத்தது.

அது கடல் விமானம். அட்லாண்டிக்கைக் கடக்கச் செய்யப்பட்டது, அடிப்பாகம் மரம். பனியில் இறங்குவதற்கு ஆனது இல்லை. முழு வேகமே மணிக்கு ஏறக்குறைய 170 கி.மீ.தான். இன்று 1 மணி 40 நிமிடம் எடுக்கும் தூரத்துக்கு, காற்று சாதகமாக இருந்தாலே அது ஆறு மணி நேரம் கிட்ட எடுக்கும். நடுக்கடலில் எஞ்சின் மக்கர் செய்தால் அலையில்தான் இறங்க வேண்டும். நாய்களின் எடையைக்கூடக் கணக்கில் வைத்துத் திட்டம் போட்ட மனிதர், மற்றவர் தயார் செய்த, தான் சோதித்துப் பார்க்காத இயந்திரத்தில் ஏறினார். பழைய பகையை அழகாக முடித்துக்கொள்ள நினைத்தாரா, மறுபடி ஒருமுறை முதலில் போய்ச் சேர நினைத்தாரா, 1925-ல் தன்னைப் போலவே பனியில் காத்துக் கிடப்பவர்கள் மேல் இரக்கமா? எனக்கென்னவோ மூன்றும் கலந்துதான் என்று தோன்றுகிறது.

ரெனே கில்போ தலைமையில் நாலு பிரெஞ்சுக்காரர்கள், அமுண்ட்சென், கூடவே டீட்ரிக்சன். ஜூன் 18 காலை ட்ரொம்சோவுக்கு வந்த விமானம், அன்று மாலையே கிளம்பிவிட்டது. ட்ரொம்சோவில் அந்த மாதத்தில் சூரியன் மறையாது. இருட்டில் வழி தவறினார்கள் என்று சொல்ல வழியில்லை. மாலை 6.45 மணி வாக்கில் கடைசி ரேடியோ சமிக்ஞை. கரடித் தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 31 அன்று ட்ரொம்சோவுக்கு வடக்கே கடலில் மீனவர்களுக்கு ஒரு மிதவை கிடைத்தது. லாத்தமின் இறக்கைக்குக் கீழே இருந்தது அது. சில வாரங்கள் கழித்து, இன்னும் தெற்கே ஒரு பெட்ரோல் டேங்க். அதன் வாயில் மரக்கட்டையைச் செதுக்கி அடைத்திருந்தார்கள். உடைந்த மிதவைக்குப் பதிலாக டேங்கைக் கட்டப் பார்த்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அப்படியென்றால் விமானம் விழுந்தவுடன் எல்லோரும் இறக்கவில்லை. கடலில் இறங்கி, யாரோ ஒருவர் கத்தியை எடுத்து உட்கார்ந்து அந்தக் கட்டையைச் செதுக்கியிருக்கிறார்.

டிசம்பர் 14 அன்று, தென் துருவத்தை எட்டிய அதே தேதியில், நார்வே முழுக்க இரண்டு நிமிடம் மௌனம் கடைப்பிடித்தது. 2009-ல் நார்வே கடற்படை கரடித் தீவுக்கு அருகே தானியங்கி நீர்மூழ்கியை இறக்கித் தேடியது. எதுவும் கிடைக்கவில்லை.

அவர் கிளம்பிய கிங்ஸ் பேயில் இன்று நீ-ஓலசுண்ட் ஆராய்ச்சிக் கிராமம் இருக்கிறது. 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் அங்கேதான். நோர்கேயைக் கட்டி வைத்த இரும்புக் கம்பம் இன்னும் நிற்கிறது. லாங்இயர்பியனிலிருந்து அங்கே போவதற்குச் சின்ன விமானத்தில் மாற வேண்டும்.

நோபிலே? அவர் பிழைத்துக்கொண்டார். அமுண்ட்சென் காணாமல் போன ஆறாவது நாள் ஒரு ஸ்வீடிஷ் பைலட் பனியில் இறங்கி அவரை ஏற்றி வந்தார். மிச்சம் இருந்தவர்களை ஜூலையில் சோவியத் கப்பலான க்ராசின் மீட்டது. 1975-ல் லாங்இயர்பியனில் ஓடுபாதை திறக்கப்பட்டபோது நோபிலேவுக்கு 90 வயது. இன்னும் மூன்று வருடம் இருந்தார்.